முதுமையில் வாய்க்கும் வேலை வேண்டும்

முதுமை வந்தால் கால் தளரும், கண் மங்கும், செவி மந்தமாகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். கால் தளர்ந்தவருக்குக் கைத்தடி வாங்கித் தருகின்றோம். கண் மங்கியவருக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தருகின்றோம். ஆனால் வாய் தளர்ந்தவருக்கு நாம் செய்வது என்ன? "பல் போயிற்று, இனிக் கஞ்சிதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றோம். வாய் என்றால் பல் மட்டுமே என்பது நம் எண்ணம். பல்லுக்கு அப்பால் உதடு, நாக்கு, கன்னம், மெல்லண்ணம், தொண்டை ஆகிய அனைத்தும் தசைகளால் ஆனவை என்பதும், மற்றத் தசைகளைப் போலவே அவையும் உழைப்பின்றி மெலியும், உழைப்பால் வலுப்பெறும் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை.

இதனை உணர்ந்து, நாடளாவிய வழக்கமாகவே செயல்படுத்தி வருகின்ற நாடு ஜப்பான். அங்குள்ள மக்களுள் 100 பேருக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அந்நாட்டின் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பலவற்றில், உணவு பரிமாறப்படுவதற்குச் சற்று முன் ஒரு சிறு நிகழ்ச்சி நடைபெறும். முதியோர் தத்தம் நாற்காலியிலும் சக்கர நாற்காலியிலும் நிமிர்ந்து அமர்கின்றனர். பணியாளர் ஒருவர் முன்னால் நின்று, கன்னத்தை உப்பிக் காட்டுகின்றார்; நாக்கை நீட்டிக் காட்டுகின்றார்; "பா, பா, பா" என்று உரக்கச் சொல்கின்றார். எண்பதும் தொண்ணூறும் கடந்தவர்கள் சிறு பிள்ளைகளைப் போல அவ்வாறே திரும்பச் செய்கின்றனர். பார்ப்பவருக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம். உண்மையில் அது உயிர் காக்கும் முயற்சி.

விழுங்குதல் எளிய செயலன்று

ஒரு கவளம் சோற்றை விழுங்குவதற்கு நாம் எந்த முயற்சியும் செய்வதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அந்த ஒரு கணத்தில் உள்ளே எத்தனை வேலைகள் ஒழுங்காக நடைபெறுகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

உதடுகள் மூடிக்கொள்கின்றன. பற்கள் அரைக்கின்றன. கன்னத் தசைகள் உணவு பல்லுக்கு வெளியே ஒதுங்காதபடி உள்ளே தள்ளுகின்றன. நாக்கு அதனைப் புரட்டிப் புரட்டி, உமிழ்நீரோடு குழைத்து, ஓர் உருண்டையாகத் திரட்டுகின்றது. பின்னர் நாக்கின் நுனி மேலண்ணத்தில் அழுந்தி, அவ்வுருண்டையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றது. அப்போது மெல்லண்ணம் உயர்ந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கின்றது. குரல்வளை மேலெழுந்து முன்னோக்கி வருகின்றது. குரல்வளை மூடி கவிழ்ந்து மூச்சுக்குழலைப் பாதுகாக்கின்றது. மூச்சு ஒரு கணம் நிற்கின்றது. உணவுக்குழலின் வாயில் திறக்கின்றது. உணவு தொண்டையைக் கடந்து செல்ல ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகின்றது. அந்த ஒரு நொடிக்குள் எதுவும் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

உங்கள் கழுத்தின் முன்புறத்தில் விரலை வைத்துக்கொண்டு உமிழ்நீரை ஒருமுறை விழுங்கிப் பாருங்கள். அங்குள்ள மேடு மேலே ஏறி இறங்குவதை உணர்வீர்கள். முதுமையில் கழுத்துத் தசைகள் தளர்வதால், அம்மேடு இளமையில் இருந்ததைவிடத் தாழ்ந்து நிற்கின்றது. அது ஏறவேண்டிய தூரம் கூடுகின்றது. ஏற்றுகின்ற தசைகளின் வலிமையோ குறைகின்றது. நாக்கின் வலிமையும் குறைகின்றது, உமிழ்நீரும் வற்றுகின்றது. ஆகவே உணவு வந்து சேரும் வேளையில் மூச்சுக்குழல் மூடப்படாமல் இருந்துவிடலாம்.

புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

நம் வீடுகளில் உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று கூறித் தலையைத் தட்டுவது வழக்கம். இளையோருக்கு எப்போதாவது நிகழ்ந்தால் அது சிரித்துவிட்டுப் போகக் கூடியதே. இருமல் வந்து, உள்ளே புகுந்ததை வெளியே தள்ளிவிடும். முதியோருக்கு அடிக்கடி புரையேறினால் அதனை யாருடைய நினைவாகவும் கருதி விட்டுவிடலாகாது. அது உடல் விடுக்கும் எச்சரிக்கை.

அதனினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. முதுமையிலும், பக்கவாதம் போன்ற நோய்களிலும், இருமும் உணர்வே மழுங்கிவிடுவதுண்டு. உணவோ, நீரோ, உமிழ்நீரோ மூச்சுக்குழலுக்குள் இறங்கும், இருமல் வராது, அருகில் இருப்பவரும் அறியார். உறக்கத்தில் உமிழ்நீர் சிறிது சிறிதாக இறங்குவதும் உண்டு. துலக்கப்படாத வாயில் பெருகிய கிருமிகளையும் அவ்வுமிழ்நீர் தன்னோடு நுரையீரலுக்குள் கொண்டுசெல்லும். சில நாளில் காய்ச்சல் வரும், உணவில் நாட்டம் குன்றும், உறக்கம் மிகும். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் நிமோனியா என்பார்கள். ஜப்பானில் 2011ஆம் ஆண்டில், உயிரிழப்புக்கான காரணங்களுள் நிமோனியா மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தது. அவ்வாறு இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் முதியோரே. 2017ஆம் ஆண்டு முதல், இவ்வாறு புரையேறுவதால் உண்டாகும் நிமோனியாவை அந்நாட்டின் இறப்புக் கணக்கில் தனியாகவே பிரித்துக் காட்டுகின்றனர்.

பதினொரு இல்லங்களில் ஓர் ஆய்வு

வாயைப் பேணினால் நுரையீரல் காக்கப்படுமா? இக்கேள்விக்கு விடை காண, யொனெயாமா தாக்கெயோஷி என்னும் பல் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஜப்பானின் 11 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். முதியோரை இரு பிரிவாக வகுத்தனர். ஒரு பிரிவினருக்கு ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டனர். வாரத்துக்கு ஒருமுறை பல் மருத்துவத் துறையினர் வந்து கவனித்தனர். மற்றப் பிரிவினர் வழக்கம் போலவே இருந்தனர். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

முடிவு 1999ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. வழக்கம் போல இருந்த பிரிவினருள் 100 பேருக்கு 19 பேரை நிமோனியா தாக்கியிருந்தது. வாய் பேணப்பட்டவருள் 100 பேருக்கு 11 பேரை மட்டுமே தாக்கியிருந்தது. காய்ச்சல் கண்ட நாள்களும், நிமோனியாவால் நேர்ந்த இறப்புகளும் குறைந்திருந்தன. விலையுயர்ந்த மருந்து ஏதும் இல்லை; புதிய கருவி ஏதும் இல்லை. ஒரு பல் துலக்கியும், பொறுமையுள்ள இரு கைகளுமே அங்கு மருந்தாயின.

இவ்வாய்வு தூய்மையைப் பற்றியது, பயிற்சியைப் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஆயினும் முதியோர் இல்லங்களில் வாய் என்பது கவனிக்கப்படவேண்டிய உறுப்பு என்னும் எண்ணம் வேரூன்றுவதற்கு அது பெருந்துணை செய்தது. தூய்மை ஒரு கை என்றால், பயிற்சி மறு கை. கிருமிகளைக் குறைப்பது தூய்மை. உணவையும் உமிழ்நீரையும் உரிய வழியில் செலுத்தும் தசைகளைப் பேணுவது பயிற்சி.

என்ன செய்கின்றனர்?

ஜப்பானிய இல்லங்களில் செய்யப்படும் பயிற்சிகள் இடத்துக்கு இடம் சிறிது வேறுபடும். ஹமமட்சு நகரில் விழுங்கும் குறைபாடுகளுக்கு மருத்துவம் செய்துவந்த மருத்துவர் ஃபுஜிஷிமா இச்சிரோ வகுத்த முறை அவற்றுள் பெயர் பெற்றது. பொதுவாகக் காணப்படும் வரிசையை இங்குத் தருகின்றோம். அனைத்தையும் செய்து முடிக்க ஐந்து முதல் பத்து நிமிடங்களே போதும். உணவுக்கு முன் செய்வதே சிறந்தது. ஓட்டப் பந்தயத்துக்கு முன் கால்களை உதறிக்கொள்வது போல, உணவுக்கு முன் வாயை விழிப்பூட்டுவது இதன் நோக்கம்.

1. அமர்வு: நாற்காலியில் நன்கு பின்தள்ளி அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் பதியுமாறு வைத்துக்கொள்ளுதல்.

2. மூச்சு: ஒரு கையை வயிற்றின் மீது வைத்து, மூக்கின் வழியாக மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து வாய் வழியாக மெல்ல விடுதல். மூன்று முறை.

3. கழுத்து: மெதுவாக வலப்புறம், இடப்புறம் திருப்புதல், இருபுறமும் சாய்த்தல். விரைவு கூடாது.

4. தோள்: இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்திச் சட்டென்று தளரவிடுதல்.

5. கன்னம்: வாயை மூடிக்கொண்டு கன்னங்களை உப்பச் செய்தல், பின் உள்ளே ஒட்டும்படி இழுத்தல். இரண்டு மூன்று முறை.

6. நாக்கு: முன்னே நீட்டுதல், உள்ளே இழுத்தல், நாக்கு நுனியால் உதட்டின் வலக்கோடியையும் இடக்கோடியையும் தொடுதல், மேலுதட்டை நோக்கி உயர்த்துதல்.

7. ஒலி: பா, தா, கா, ரா என்னும் ஒலிகளைத் தனித்தனியே தெளிவாகவும் விரைவாகவும் சொல்லுதல்.

8. இறுதியில் மீண்டும் ஆழ்ந்த மூச்சு.

சில இல்லங்களில் ஊதும் பயிற்சியும் உண்டு. திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கி ஊதும் சுருள் ஊதலை நாம் கண்டிருக்கின்றோம். ஊதினால் தாள் நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். அத்தகைய விளையாட்டுப் பொருளையே முதியோர் கையில் கொடுக்கின்றனர். உதட்டை இறுக மூடாமல் அதனை ஊத இயலாது. ஆகவே உதட்டுக்கும் மூச்சுக்கும் ஒருசேர வேலை கிடைக்கின்றது.

கழுத்துத் தசைகளுக்கென ஒரு பயிற்சியை 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த மருத்துவர் ரெஸா ஷேக்கரும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். மல்லாந்து படுத்து, தோள் எழாதபடி தலையை மட்டும் உயர்த்திக் கால் விரல்களைப் பார்ப்பது அது. முதியோர் பலருக்கு அது கடினம். எனவே ஜப்பானில் அமர்ந்தபடியே செய்யத்தக்க எளிய முறையைக் கையாளுகின்றனர். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தடுத்துக்கொண்டு, தொப்புளைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்து ஐந்து எண்ணும்வரை அழுத்துவதே அம்முறை. இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும் கழுத்தெலும்பு நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்தலாகாது.

நான்கு ஒலிகளும் நம் நெடுங்கணக்கும்

பா, தா, கா, ரா என்னும் நான்கு ஒலிகளைத் தேர்ந்ததில் பொருள் உண்டு. "பா" என்பதற்கு உதடுகள் இறுக மூடித் திறக்கவேண்டும். உணவு வாயிலிருந்து வழியாமல் காப்பது அந்த மூடலே. "தா" என்பதற்கு நாக்கின் முன்பகுதி மேலே அழுந்தவேண்டும். உணவை நசுக்கிப் பின்னே தள்ளுவது அந்த அழுத்தமே. "கா" என்பதற்கு நாக்கின் அடிப்பகுதி பின்னண்ணத்தைத் தொடவேண்டும். தொண்டைக்குள் செலுத்துவதற்கு வேண்டிய அசைவு அது. "ரா" என்பதற்கு நாக்கு நுனி மேல்நோக்கி வளையவேண்டும். உணவைத் திரட்டி நாக்கின் மீது ஏற்றுவதற்கு அது துணை. ஆக, உண்ணும் செயலின் நான்கு படிகளும் இந்நான்கு எழுத்துகளில் அடங்கிவிடுகின்றன.

தமிழர்க்கு இது முற்றும் புதிய செய்தியன்று. எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில் பிறக்கின்றது என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் வகுத்துரைக்கின்றது. பகரம் இதழில் பிறப்பதும், தகரம் பல்லின் அடியில் நாக்கு நுனி பொருந்தப் பிறப்பதும், ககரம் அடிநாவும் அண்ணமும் சேரப் பிறப்பதும், ரகரம் நாக்கு நுனி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பதும் அங்குக் கூறப்பட்டுள்ளன. ஜப்பானிய முதியவர் பயிற்சியாகச் சொல்லும் ஒலிகள் நம் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்த நெடுங்கணக்கிலேயே உள்ளன. தமிழ்ப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இப்பயிற்சியைக் கற்றுத்தர வேற்றுமொழி எதுவும் தேவையில்லை.

இவ்வொலிகள் பயிற்சியாக மட்டுமன்றி, சோதனையாகவும் பயன்படுகின்றன. ஒருவர் "பா" என்பதை ஒரு நொடியில் எத்தனை முறை சொல்ல முடிகின்றது என்று எண்ணுகின்றனர். அவ்வாறே "தா", "கா" என்பவற்றையும் எண்ணுகின்றனர். இவற்றுள் எதுவேனும் நொடிக்கு 6 முறைக்குக் குறைந்தால், நாக்கும் உதடும் தளர்ந்துள்ளன எனக் கருதுகின்றனர். வாயின் திறன் குறைவதையே ஒரு நோயாக ஏற்று, 2018ஆம் ஆண்டு முதல் ஜப்பான் தன் மருத்துவக் காப்பீட்டில் இடமளித்துள்ளது. வாயின் தூய்மை, வறட்சி, கடிக்கும் வலிமை, நாக்கு உதடுகளின் விரைவு, நாக்கின் அழுத்தம், மெல்லும் திறன், விழுங்கும் திறன் ஆகிய ஏழில் மூன்று குறைந்தால் அந்நோய் உள்ளதாகக் கொள்வர்.

உமிழ்நீர் ஊறட்டும்

வறண்ட வாயில் உணவு உருண்டையாகத் திரளாது. முதியோர் உட்கொள்ளும் மருந்துகளுள் பல வாயை உலர்த்தக்கூடியவை. எனவே பயிற்சியோடு உமிழ்நீர்ச் சுரப்பிகளை மெல்ல நீவிவிடுவதும் வழக்கம். காதுக்கு முன்னால், மேற்கடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில் கன்னத்தின் மீது நான்கு விரல்களை வைத்து, முன்னோக்கி வட்டமாகப் பத்து முறை தேய்த்தல் முதலாவது. தாடையெலும்பின் உட்புறமுள்ள மென்மையான பகுதியைக் காதடியிலிருந்து மோவாய் வரை கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டு வருதல் இரண்டாவது. இரு கட்டைவிரல்களையும் சேர்த்து மோவாய்க்கு அடியில், நாக்கைத் தூக்குவது போல மேல்நோக்கி அழுத்துதல் மூன்றாவது. தொண்டையை அழுத்துதல் கூடாது. கை வெதுவெதுப்பாகவும் தொடுதல் மென்மையாகவும் இருத்தல் வேண்டும்.

ஒரு நாட்டின் வழக்கம் ஆனது எவ்வாறு?

இவையனைத்தும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எண்பது வயதிலும் இருபது பற்கள் என்னும் குறிக்கோளோடு 1989ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசும் பல் மருத்துவர் சங்கமும் ஓர் இயக்கத்தைத் தொடங்கின. அன்று அது எட்டாக்கனியாகவே தோன்றியது. 2016ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் எண்பது வயதினருள் பாதிப் பேர் அக்குறிக்கோளை எட்டியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டில் அத்திட்டம் திருத்தப்பட்டபோது, உடலியக்கப் பயிற்சி, சத்துணவு ஆகியவற்றோடு வாயின் திறனை மேம்படுத்துவதும் ஒரு பணியாகச் சேர்க்கப்பட்டது.

இதற்குப் பின்னணியில் ஒரு வேதனையும் உண்டு. வாயால் உண்ண இயலாதவர்களுக்கு வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியாக உணவு செலுத்தும் முறை அந்நாட்டில் பெரிதும் பரவியிருந்தது. அக்குழாய் உயிரைத் தாங்கும் கருவியே. தேவைப்படும் இடத்தில் அதனை இகழ்தல் தகாது. ஆயினும், சற்று முயன்றால் வாயால் உண்ணக்கூடியவர்களும் அவசரமாகக் குழாய்க்கு ஒப்படைக்கப்படுகின்றனரோ என்னும் ஐயம் எழுந்தது. 2014ஆம் ஆண்டில் அரசு அந்த அறுவைச் சிகிச்சைக்கான கட்டணத்தைக் குறைத்து, விழுங்கும் திறனை முன்னதாகவே சோதிப்பதற்கு ஊக்கமளித்தது. "இவரால் இனி உண்ண முடியாது" என்று சொல்வதற்கு முன், "இவர் உண்பதற்கு நாம் என்ன செய்தோம்?" என்று கேட்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

டோக்கியோவுக்கு அருகிலுள்ள காஷிவா நகரில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 2,000 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அம்முடிவை 2018இல் வெளியிட்டனர். வாய் பலவகையில் தளர்ந்திருந்தவர்களுக்கு உடல் நலிவும், பிறர் துணை தேவைப்படும் நிலையும், இறப்பும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்காக இருந்தது. வாய் தளர்ந்ததால்தான் உடல் தளர்ந்தது என்று இதைக்கொண்டு அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் மென்மையான உணவையே நாடி, இறைச்சியையும் காய்களையும் ஒதுக்கி, அதனால் சத்துக் குறைந்து, தசை மெலிந்து, மேலும் மெல்ல இயலாமற்போகும் சுழல் ஒன்று உள்ளதை எவரும் எளிதில் உணரலாம். அச்சுழலின் தொடக்கத்தில் வாய் நிற்கின்றது.

பயிற்சி செய்ய இயலாதது

இப்பயிற்சியை எல்லா நோய்க்கும் மருந்தாகப் போற்றுதல் தவறு. நாக்கின் வலிமையும் ஒலிகளைச் சொல்லும் விரைவும் பயிற்சியால் கூடியதைச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பல் துலக்குவதற்கு நிகரான சான்று பயிற்சிக்கு மட்டும் இன்னும் இல்லை. ஆகவே துலக்குவதை விட்டுவிட்டுப் பயிற்சி மட்டும் செய்தால் பயனில்லை. நாள்தோறும் பற்களையும் நாக்கையும் தூய்மை செய்தலும், பொய்ப்பற்களை இரவில் கழற்றிக் கழுவி வைத்தலும் முதற்கடமை. பல்லே இல்லாத வாயையும் தூய்மை செய்தல் வேண்டும்.

உண்ணும்போது அடிக்கடி இருமல், உண்டபின் குரல் ஈரம் கலந்தது போலக் கரகரத்தல், காரணமின்றி வந்து வந்து போகும் காய்ச்சல், உடல் எடை குறைதல், ஒருவேளை உணவை முடிக்க முன்னைவிட மிக நீண்ட நேரமாதல் ஆகியவை காணப்பட்டால் முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும். பக்கவாதம் கண்டவர்க்கும், நடுக்கவாத நோயுள்ளவர்க்கும் எந்தப் பயிற்சி ஏற்றது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். வாயில் உணவை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தல் ஒருபோதும் கூடாது.

உணவூட்டும் முறையிலும் கவனம் தேவை. படுத்திருப்பவருக்கு அப்படியே ஊட்டுதல் தவறு. நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் முதியவர் அண்ணாந்து பார்க்க நேரும். அண்ணாந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். ஊட்டுபவர் அவருக்கு எதிரே சமமாக அமர்ந்து, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி செய்து, ஒரு கவளம் இறங்கியதைக் கண்டபின் அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும். உண்டபின் அரைமணி நேரமேனும் நிமிர்ந்து அமர்ந்திருத்தல் நன்று.

நினைவு மங்கியவர்க்கும் பாட்டு மங்குவதில்லை

"என் தாயாருக்கு நினைவே இல்லை, சொன்னால் கேட்கமாட்டார். அவருக்குப் பயிற்சி எவ்வாறு?" என்று சிலர் கேட்கலாம். ஜப்பானிய இல்லங்களில் இதற்கும் வழி கண்டுள்ளனர். இளமையில் அனைவரும் பாடிய பழைய சிறுவர் பாடல்களின் மெட்டில், சொற்களுக்குப் பதிலாகப் பா, தா, கா, ரா என்னும் ஒலிகளை வைத்துப் பாடுகின்றனர். கட்டளையைப் புரிந்துகொள்ளாதவரும் மெட்டைப் புரிந்துகொள்கின்றனர். பணியாளர் முகத்துக்கு எதிரே அமர்ந்து கன்னத்தை உப்பிக் காட்டினால், அவரும் உப்புகின்றார். சொல்லடுக்குகளை விரைந்து சொல்லும் நாப்பிறழ் விளையாட்டுகளும் உண்டு. தவறிச் சொன்னால் அனைவரும் சிரிக்கின்றனர். அச்சிரிப்பும் வாய்க்குப் பயிற்சியே.

ஈண்டு நாம் கருதவேண்டிய ஆழ்ந்த உண்மை ஒன்றுண்டு. பராமரிப்பு இல்லத்தில் வாழும் முதியவருக்கு நாள் முழுவதும் பிறர் ஏதேனும் செய்துகொண்டே இருக்கின்றனர்; குளிப்பாட்டுகின்றனர், உடுத்துகின்றனர், படுக்கவைக்கின்றனர். அவரே செய்வது மிகக் குறைவு. பேசுவதற்கு ஆளில்லாமையால் வாயும் நாள் முழுவதும் மூடியே கிடக்கின்றது. பேசாத வாய் உண்ணவும் மறக்கின்றது. உணவுக்கு முன்னான அந்தப் பத்து நிமிடம், அவர் தாமே தமக்காகச் செய்யும் ஒரு செயல். அருகில் இருப்பவரோடு சேர்ந்து குரலெழுப்பும் ஒரு வேளை. அதன் பயனைத் தசையின் வலிமையால் மட்டும் அளத்தல் இயலாது.

நம் இல்லங்களில்

பராமரிப்பு இல்லத்தில் மட்டுமன்றி, வீட்டில் முதியோரை வைத்துப் பேணும் குடும்பங்களும் இதனை எளிதில் மேற்கொள்ளலாம். பகலுணவுக்கு முன் பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியின் எதிரே அமரச் சொல்லுங்கள். கன்னத்தை உப்புவதில் யார் வல்லவர், "பா" என்பதை விரைந்து சொல்வதில் யார் முந்துவார் என்று அவர்களே போட்டியிடட்டும். செய்தித்தாளில் ஒரு பத்தியைப் பாட்டனார் உரக்கப் படிக்க, பேரன் கேட்கட்டும். மாலைச் செபத்தில் முதியவரை முணுமுணுக்க விடாமல், ஒரு பகுதியை அவரே முன்னின்று தெளிவாகச் சொல்லும்படி கேளுங்கள். உதடும் நாவும் மூச்சும் அங்கே ஒருசேர உழைக்கும்.

உறவினர் எவரேனும் முதியோர் இல்லத்தில் இருப்பின், அவரைக் காணச் செல்லும்போது பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்வதோடு நின்றுவிடாதீர்கள். அவர் உண்ணும் வேளையில் ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். இருமுகின்றாரா? எவ்வளவு நேரம் ஆகின்றது? பல் துலக்கப்படுகின்றதா? பொய்ப்பல் பொருந்துகின்றதா? இவற்றை இல்லப் பொறுப்பாளரிடம் பணிவோடு கேட்டறியுங்கள். உணவுக்கு முன் பத்து நிமிடம் இத்தகைய பயிற்சியை அனைவருக்கும் நடத்த இயலுமா என்றும் கேளுங்கள். செலவில்லாத செயலாதலால் மறுப்பதற்குக் காரணம் இராது.

நமக்கு முதற் சொல்லைக் கற்பித்தவை அவ்வுதடுகள். நமக்கு முதற் கவளத்தை ஊட்டுமுன், சூடு பார்க்கத் தன் நாவில் இட்டுச் சுவைத்தது அந்த நாவு. இன்று அவை தளர்ந்துள்ளன. நாளைய உணவு வேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அவர் எதிரே அமர்ந்து, "அம்மா, என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்: பா, தா, கா, ரா" என்று தொடங்குங்கள்.